பிள்ளைகள் இருவரையும் சேர்த்தே ஏற்றுக்கொண்ட பள்ளிக்கு

எட்மன்டன், கனடா, ஜூன் 2016

மில் உட்ஸ் பகுதியில் இருக்கும் உங்கள் பள்ளியின் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். சரி, போடவில்லை. எனக்கு மனசுவிட்டுப் பேச வருவது தமிழில்தான், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மகள் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வாள்.

மே 3, செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம், காட்டுத்தீயால் எங்கள் ஊர் ஃபோர்ட் மெக்மரி முழுவதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எண்பதாயிரம் பேருக்கு மேல். தெற்கே வர 63ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான். நாலைந்து மணி நேரத்தில் முடிகிற பயணம். நாங்கள் எட்மன்டன் வந்து சேர்ந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. பிள்ளைகள் போட்டிருந்த துணியோடு வந்தார்கள்.

அடுத்த வாரம் உங்கள் அலுவலகத்தில் வந்து நின்றபோது என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "மதியச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்களா?"

கிண்டர்கார்ட்டன் முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே கட்டிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. சின்னவன் இரண்டாம் வகுப்பு, அக்கா எட்டு. தீக்குப் பிறகு அவன் அவள் கையை விடவே இல்லை. முதல் வாரம் அழுதபோதெல்லாம் அவனுடைய டீச்சர் அவனை மேல்மாடிக்குக் கூட்டிப்போய், கதவுக் கண்ணாடி வழியாக அக்காவைக் காட்டியிருக்கிறார். அப்புறம் அறிவியல் ஆசிரியர் கடைசி வரிசையில் அவனுக்கென்றே ஒரு நாற்காலி போட்டுவிட்டார். அங்கே உயிரணுப் பாடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து "அம்மா, எனக்கு எத்தனை செல் இருக்கு?" என்றான். செல்போன் கேட்கிறான் என்று நினைத்து அதட்டிவிட்டேன். அதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

செஞ்சிலுவைச் சங்கம் பெரியவருக்கு 600, பிள்ளைக்கு 300 டாலர் கொடுத்தது. அரிசி, துணிமணி எல்லாம் அதில்தான். ஆனால் பள்ளிக்குள் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி ஷூ வேண்டும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. இரண்டாம் நாள் காலை இருவருக்கும் சரியான அளவில் ஷூ காத்திருந்தது. யார் வாங்கியது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரும் அவர்களைத் தீயை வரையச் சொல்லவில்லை. அதைப் பற்றி எழுதச் சொல்லவும் இல்லை. வெளியே எங்கே போனாலும் அதையே கேட்டார்கள். உங்கள் வகுப்பில் மட்டும் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டீர்கள். வாரக்கணக்கில் பிள்ளைகளுக்கு அது பெரிய ஓய்வு.

எங்கள் வீடு தப்பித்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் அழுகியிருக்கும், அதனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமலே கட்டித் தூக்கிப் போட வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான். தீ அதிகம் அழித்த பீக்கன் ஹில், அபாசாண்ட், வாட்டர்வேஸ் பக்கத்து நண்பர்களை நினைத்தால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறோம். ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தோம், நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். அறிவியல் வகுப்பு நாற்காலியில் சின்னவன் பென்சிலால் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறான். அழிக்கச் சொன்னேன், ஆசிரியர் விடவில்லை. பள்ளியைச் சுத்தம் செய்யும் அண்ணன் மன்னிக்கவும்.

நன்றியுடன்,
இரண்டாம் வகுப்புக்காரனுக்கும் எட்டாம் வகுப்புக்காரிக்கும் அம்மா