நன்னடத்தைப் பிணையில் போன சிப்பாய்கள்: போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னை நந்தம்பாக்கத்தில் உங்கள் பராமரிப்பில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய் வருகிறவன் நான். புல் சீராக வெட்டியிருக்கும். வரிசை பிசகாமல் கற்கள் நிற்கும். பதவி எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்பது உங்கள் கொள்கை என்று தெரிந்தபோது மனசு நிறைந்தது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் விஷயத்தில் அந்தக் கொள்கை பல இடங்களில் கைவிடப்பட்டது என்று 2021 ஏப்ரலில் நீங்களே அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டீர்கள். இராக்கில் இருக்கும் பஸ்ரா நினைவுச் சுவரில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். விட்டுப்போன பெயர்களைத் தேடிச் சேர்ப்போம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது நல்லபடியாக நடக்க வேண்டும். என் வேண்டுகோள், அந்தப் பெயர்களுக்கு மேலே நீங்கள் எழுதப்போகும் வாசகத்தைப் பற்றியது.

லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறு வருடம் கிடந்த பஞ்சாப் பதிவேடுகள் 2021 நவம்பரில் இணையத்துக்கு வரத் தொடங்கின. போருக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாபியரின் விவரம் அவற்றில் ஊர் வாரியாக இருக்கிறது. ஆள் பெயர், ஊர், பார்த்த சேவை எல்லாம் கிடைக்கும். எப்படிச் சேர்ந்தான் என்பது கிடைக்காது. அந்த வெற்றிடத்தில்தான் 'தன்னார்வப் படை' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சட்டப்படி பார்த்தால் அந்தச் சொல் சரிதான். இந்தியர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை என்று சட்டம் எதுவும் போடவில்லை. 1917-ல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம்கூட இங்கிருந்த ஐரோப்பியர்களைத்தான் கட்டாயப்படுத்தியது. ஆனால் அதே 1917 முதல், துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'டையரின் பஞ்சாபில் வருவாய்த் துறை முழுவதும் ஆள்சேர்ப்புக்குத் திருப்பிவிடப்பட்டது. எந்த ஊர் எத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்கு வந்தது. தாசில்தார், பல ஊர்களுக்குப் பொறுப்பான ஜைல்தாரை நெருக்க, ஜைல்தார் ஊர்த் தலைவரான லம்பர்தாரை நெருக்க, லம்பர்தார் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நிறைய ஆள் கொடுத்தவருக்குக் கால்வாய்ப் பாசன நிலமும் பட்டமும் கிடைத்தன. ஆள் கொடுக்க முடியாத ஊர்க்காரர்கள் காசு திரட்டி வெளியூரிலிருந்து ஆளை விலைக்கு வாங்கினார்கள்.

பணியாத ஊர்களில், அமைதிக்கும் நன்னடத்தைக்கும் பிணை கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகள் பாய்ந்தன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது நூற்றுக்கணக்கான 110 கேஸ் கட்டுகள் என் கையால் போய் வந்திருக்கின்றன. வழக்கமாகக் குற்றம் செய்கிறவன் என்று போலீஸ் எழுதிக் கொடுக்கும். நன்னடத்தையோடு இருப்பேன் என்று அவன் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், ஜாமீன்தாரரைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் உள்ளே போக வேண்டும். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. ஊரில் பெயர் கெட்டவன் என்று நாலு பேர் சொன்னால் போதும். கைநாட்டு வைக்கச் சொன்னால் சிலர் விரலை மையில் அழுத்தியபடியே என் முகத்தைப் பார்ப்பார்கள். "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்ட ஒருவரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் மேலோட்டமாகத்தான் சொன்னேன்.

பஞ்சாபில் இதே பிரிவுகள் ஆள்சேர்ப்புக்கு அங்குசம் ஆயின. பட்டாளத்தில் சேர்ந்தால் கேஸ் இல்லை. மறுத்தால் நீ கெட்ட நடத்தைக்காரன். விதைப்பும் அறுப்பும் பார்த்துக்கொண்டிருந்த குடியானவன், மகனை அனுப்ப மாட்டேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காகப் போக்கிரி ஆனான்.

இளைஞர்கள் தாசில்தார் வருவது தெரிந்தால் ஊரைவிட்டு ஓடினார்கள். சேர்க்கப்பட்ட பிறகும் பயிற்சி முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் உண்டு. ஓடியவனைப் பிடிக்க வீட்டுப் பெண்களை அவமானப்படுத்தினார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். ஓடுவதை ஒழுக்கக்கேடு என்று எழுதிய நிர்வாகம், பெண்களைப் பணயமாக்கியதை எந்தப் பேரில் எழுதியிருக்கும்? ஷாபூர் மாவட்டத்தில் 1918-ல் கொதித்துப்போன கிராமத்தார் ஒரு தாசில்தாரைக் கொன்றே விட்டார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. சாது மிரண்ட கதை அது.

இந்தச் சாட்சியங்களில் பல, 1919-ல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை உள்ளிட்ட பஞ்சாப் கொடுமைகளை விசாரிக்கக் காங்கிரஸ் நியமித்த குழுவின் 1920 அறிக்கையில் இருக்கின்றன. குழுவில் காந்தி, சி. ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, எம். ஆர். ஜெயகர் இருந்தார்கள். 1918-ல் குஜராத்தின் கேடா கிராமங்களில் நடையாய் நடந்து பட்டாளத்துக்கு ஆள் கேட்டவர் காந்தி. சேர முன்வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரே இரண்டு வருடம் கழித்து இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார் என்பதால் அதன் மேல் எனக்கு மதிப்பு கூடுதல். எங்கள் மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் சி. சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமைகளுக்கு ஓ'டையரே பொறுப்பு என்று 1922-ல் புத்தகத்தில் எழுதினார். ஓ'டையர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924-ல் ஐந்து வாரம் நடந்த விசாரணையில் இந்த ஆள்சேர்ப்பும் அலசப்பட்டது. ஜூரியில் பதினொரு பேர் ஓ'டையர் பக்கம் நின்றார்கள். நாயர் 500 பவுண்டு இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று.

விரும்பிப் போனவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருந்தார்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்காகவும், அப்பா இருந்த ரெஜிமென்ட் என்பதற்காகவும், நிலம் கிடைக்கும் என்றும் போனார்கள். அவர்கள் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. தப்பி ஓடிப் பிழைத்தவர்களுக்குக் கல் நடுவது உங்கள் வேலை இல்லை என்பதும் தெரியும்.

நான் கேட்பது இரண்டுதான். பஞ்சாப் பெயர்களைச் சேர்க்கும்போது, 1917, 1918-ல் சேர்ந்தவர்களைப் பொத்தாம்பொதுவாகத் 'தாமாக முன்வந்தவர்கள்' என்று எழுத வேண்டாம். அப்புறம், அந்த இரண்டு வருடங்களில் ஆள் எப்படித் திரட்டப்பட்டது, மறுத்தவர்கள்மேல் என்ன வழக்குப் போடப்பட்டது என்பதை உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். இந்தியாவில் எழுதும் குர்முகி, பாகிஸ்தானில் எழுதும் ஷாமுகி என்று பஞ்சாபியின் இரண்டு எழுத்திலும் அது இருக்கட்டும். எல்லையின் இரண்டு பக்கமும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்,
சென்னை