டெலவேர் பொதுச்சபைக்கு: எங்கள் வீட்டு நால்வரையும் எண்ணுங்கள்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத் தலைநகர் டோவரில் கூடும் பொதுச்சபை, அதாவது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம். தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்காளர்களை மட்டுமல்ல, இங்கே வாழும் எல்லோரையும் எண்ணுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. நானும் மனைவியும் அப்போது குடியுரிமை பெறவில்லை. பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. ஆனாலும் மாநிலத்தின் 9,89,948 பேரில் நாங்கள் நால்வரும் உண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் 41 கீழவைத் தொகுதிகளுக்கும் எல்லை வகுத்தீர்கள். பள்ளி பஸ் நிறுத்தம் கேட்டு நான் மனு கொடுத்தபோது, எங்கள் உறுப்பினரின் அலுவலகத்தில் யாரும் என்னிடம் வாக்கு உண்டா என்று கேட்கவில்லை. முகவரியை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை மட்டும் எண்ணித் தொகுதி பிரிக்க வேண்டும் என்ற வாதம் டெக்சஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மொத்த மக்கள்தொகையை வைத்துப் பிரிப்பது செல்லும் என்று 2016இல் தீர்ப்பு வந்தது. வாக்காளர்களை மட்டும் எண்ணலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. என் கவலை அங்கேதான்.

நம் மாநிலத்தில் இருப்பவை மூன்றே கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். நியூகாசிலில் 5,70,719 பேர், சசெக்ஸில் 2,37,378 பேர், கென்டில் 1,81,851 பேர். சசெக்ஸைப் பாருங்கள். கடலோரம் லூயிஸ், ரெஹோபோத் பக்கம் ஓய்வுபெற்ற பின் குடிவந்தவர்கள் நிறைய. அந்த வீடுகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் வாக்கு உண்டு. உள்ளே ஜார்ஜ்டவுனில் கோழி இறைச்சி ஆலைகளை நம்பி வாழும் குவாத்தமாலாக் குடும்பங்கள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அந்தத் தாய்க்கு வாக்கு இல்லாமல் இருக்கலாம். இங்கேயே பிறந்து, புத்தகப்பையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அவளுடைய மகள் இந்த நாட்டின் குடிமகள், வயதுதான் வரவில்லை. வாக்காளரை மட்டும் எண்ணினால் இருவருமே கணக்கில் வரமாட்டார்கள். அதே சாலை, அதே பள்ளி, ஆனால் பிரதிநிதியின் பலம் கடற்கரைப் பக்கம் நகர்ந்துவிடும்.

கணக்கு கோணினால் என்ன ஆகும் என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியும். 1897 மாநில அரசமைப்பு நியூகாசிலுக்குக் கீழவையின் 35 இடங்களில் 15 இடங்களையே கொடுத்தது. 1960இல் மாநில மக்களில் பத்துக்கு ஏழு பேர் அங்கே வாழ்ந்தும் அதே 15தான். 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மாறியது. சிறையில் இருப்பவர்களை அவர்களுடைய சொந்த முகவரியில் எண்ண வேண்டும் என்று 2010இல் நீங்களே சட்டம் செய்தீர்கள். ஒருவர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்க் கணக்கில் அவர் வர வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது.

2030 கணக்கெடுப்புக்குப் பின் மீண்டும் எல்லை வகுப்பீர்கள். அதற்கு முன்பே, தொகுதிகள் மொத்த மக்கள்தொகையின்படியே பிரிக்கப்படும் என்று தெளிவாகச் சட்டத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நியூகாசில் கவுண்டியில் வாழும் ஒரு தந்தை