சாவிக்கு முன்னால் நான்கு நிமிடம்

அன்புள்ள சரவணா,

உன் கடிதமும் படகின் படங்களும் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று போன தடவை எழுதியிருந்தாய். இனி சனி, ஞாயிறு முழுக்க ஜார்ஜியாவின் லேனியர் ஏரிதான் என்று தெரிகிறது, சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மீனாவுக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் நடக்கப் போகத் தொடங்கிவிட்டாள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: "சாவியைத் திருப்புமுன் ஒரு நிமிஷம் புளோயர் ஓடவிடுகிறேன், போதும் இல்லையா?" போதாதுடா. எஞ்சின் அறைக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறிதானே அந்தப் புளோயர், அதற்கு ஒரு நிமிஷம் பத்தாது. அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் படகில் இருப்பது 4.3 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் வகை, பின்பக்கம் மூடிய அறைக்குள். காரில் பெட்ரோல் கசிந்தால் தரையில் சொட்டும், ஆவியைக் காற்று கொண்டுபோய்விடும். படகுக்கு அடியில் திறப்பு இருக்க முடியாது. சொட்டியதெல்லாம் பில்ஜில்தான், அதாவது படகின் அடிப் பள்ளத்தில்தான், போய்த் தங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே எழும்பாமல் அங்கேயே தேங்கிக் கிடக்கும். நம் சமையல் கேஸும் காற்றைவிடக் கனம்தான். கேஸ் வாசம் வந்தால் ஸ்விட்ச்சைத் தொடாதே, கதவைத் திற என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். படகில் திறக்கத் தாழ்வாக ஒரு கதவு இல்லை. அந்தக் கதவின் வேலையைத்தான் புளோயர் செய்கிறது.

கணக்கைப் பார். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது. 7.6க்கு மேலே போனாலும் ஆக்ஸிஜன் போதாமல் பற்றாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒரு பொறி போதும். 100 மில்லி பெட்ரோல், அதாவது அரை டம்ளர், முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 18 லிட்டர் ஆவி. எஞ்சினும் சாமான்களும் அடைத்தது போக உன் எஞ்சின் அறையில் ஒரு கன மீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள். 18 லிட்டர் என்பது அதில் 1.8 சதவீதம். அரை டம்ளரே அந்த அறை முழுவதையும் வெடிக்கிற கலவையாக்கிவிடும்.

இப்போது உன் ஒரு நிமிஷத்துக்கு வருகிறேன். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. 34 முதல் 100 கன அடி வரையான அறைக்கு, பொருத்தி முடித்த புளோயர் நிமிடத்துக்கு அறைக் கொள்ளளவில் 0.6 பங்கு காற்றையாவது வெளியேற்ற வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதி. நான்கு நிமிடத்தில் 2.4 மடங்கு காற்று மாறும். உள்ளே இருப்பது நன்றாகக் கலந்திருந்தால், அதற்குப் பிறகு பழைய ஆவியில் சுமார் 9 சதவீதம்தான் மிஞ்சும். ஆரம்பத்தில் 10 சதவீதம் ஆவி இருந்தால் நான்கு நிமிடம் கழித்து 0.9. பற்றாத எல்லைக்குள் வந்துவிட்டது. ஒரே நிமிடத்தில் நிறுத்தினால்? 5.5. இரண்டு நிமிடத்தில் 3. புரிகிறதா? புளோயரைப் போடாதபோது பற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததை, நீயே சரியாக வெடிக்கிற அளவுக்கு நீர்த்துப்போகச் செய்து, அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட்டரையும் சுற்றுகிறாய். புளோயரோடு இணைந்த ஹோஸ் குழாய் அறையின் அடியிலிருந்து உறிஞ்சுவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே நடக்கும். ஆனால் அதை நம்பிச் சாவியைத் திருப்பக் கூடாது.

அதனால்தான் படகில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அட்டையில் "குறைந்தது நான்கு நிமிடம்" என்று இருக்கிறது. 1980 ஜூலை 31க்குப் பிறகு கட்டிய, ஸ்டார்ட்டர் மோட்டாரோடு கூடிய பெட்ரோல் எஞ்சின் மூடிய அறைக்குள் இருக்கும் படகுகளுக்கு அங்கே புளோயர் கட்டாயம், ஸ்டார்ட் ஸ்விட்ச் அருகே அந்த அட்டையும் கட்டாயம். உன் படகில் அட்டை வெயிலில் வெளுத்திருந்தால் புதிதாக வாங்கி ஒட்டு. பிறர் ஓட்டும்போது படிக்க வேண்டும். அட்டையில் இரண்டாவது பாதியும் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை: பில்ஜில் பெட்ரோல் ஆவி இருக்கிறதா என்று பார். புளோயர் ஆவியைத்தான் தள்ளும். தேங்கிய பெட்ரோலை அது எடுக்காது. கசிவு நிற்காமல் பத்து நிமிடம் ஓட்டினாலும் ஆவி ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே மூக்குதான் முதலில். எந்த ஸ்விட்ச்சையும் தொடுமுன் எஞ்சின் மூடியைத் தூக்கு, குனிந்து பில்ஜ் பக்கம் முகர்ந்து பார். வாசம் இல்லையென்றால் மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புளோயரைப் போடு. நான்கு நிமிடம் முடிந்ததும் வெளியேற்றும் சாளரத்தருகே முகர்ந்துவிட்டுச் சாவியைத் திருப்பு. மூடியைத் தூக்கியதுமே வாசம் குப்பென்று அடித்தாலோ, பில்ஜ் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ, புளோயரையும் போடாதே. புளோயர் மோட்டார் பொறி வெளிவராதபடி செய்ததுதான். ஆனால் பழைய படகில் ஸ்விட்ச்சும் வயர் இணைப்புகளும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் கரைக்கு இறக்கு, மூடியைத் திறந்தே வை, காற்று தானாகப் போகட்டும், படகுகள் நிறுத்துகிற மரீனாவின் ஆட்களைக் கூப்பிடு.

எப்போதெல்லாம் ஓட வேண்டும் என்று கேட்டால், காலையில் முதல் தடவை மட்டும் இல்லை. ஏரி நடுவில் நிறுத்தி அரைமணி நீந்திவிட்டு வந்தாலும் மறுபடி நான்கு நிமிடம். இதைத்தான் பலரும் விடுகிறார்கள். இப்போதுதானே ஓடிக்கொண்டிருந்தது என்று நினைப்பு. சூடான எஞ்சினை நிறுத்தியதும் குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், வெப்பம் மேலேறி கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். ஆவி உண்டாக அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

மெதுவாகப் போகும்போதும் ஓடட்டும். உன் எஞ்சின் 4000 சுற்றில் போகும்போது நிமிடத்துக்கு சுமார் 6 கன மீட்டர் காற்றை அதுவே இழுக்கும். படகின் வேகத்தில் காற்றுக் குழாய்கள் வழியாகவும் காற்று நுழையும். ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுற்றில், எஞ்சின் இழுப்பது அரை கன மீட்டர் அளவுதான், அதுவும் மேல் பக்கத்துக் காற்றை. பில்ஜ் அசையாது. ஜார்ஜியா சட்டப்படி மரீனா, படகுத்துறை, நங்கூரமிட்ட படகு இவற்றிலிருந்து 100 அடிக்குள் ஐடில் வேகம்தான். ஆக, துறையை விட்டு வெளியே வந்து வேகம் பிடிக்கும் வரை புளோயர் ஓடட்டும். திரும்பி உள்ளே வரும்போதும் போடு. பின்காற்று அடிக்கும் நாளில் இன்னும் கவனம், படகு முன்னே போனாலும் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் சாளரங்களில் காற்றோட்டம் இருக்காது. நல்ல வேகத்தில் போகும்போது நிறுத்திவிடலாம்.

பேட்டரி இறங்கிவிடும் என்று நினைக்காதே. நான்கு அங்குல புளோயர் 4, 5 ஆம்பியர் எடுக்கும். நான்கு நிமிடத்துக்கு ஒரு ஆம்பியர் மணியில் மூன்றில் ஒரு பங்குதான்.

பெட்ரோல் போடும்போது மட்டும் தலைகீழ். புளோயரை நிறுத்து, எஞ்சின் மூடி, கேபின் கதவு எல்லாவற்றையும் சாத்து, ஆட்களை இறக்கு. குழாய் மூக்கு நிரப்பு வாயின் உலோக விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், நிலைமின் பொறி வராது. விளிம்பு வரை நிரப்பாதே, வெயிலில் பெட்ரோல் விரிந்து டாங்கின் காற்றுத் துளை (வென்ட்) வழியாக வழியும். போட்டு முடித்ததும் டாங்க் மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, அதன் பிறகே எல்லாவற்றையும் திற. முகர், நான்கு நிமிடம் புளோயர், மறுபடி முகர், எஞ்சினைக் கிளப்பு, பிறகு ஆட்களை ஏற்று. போடும்போதே புளோயர் ஓடினால் நிரப்பு வாயிலிருந்து வரும் ஆவியை அதுவே உள்ளே இழுத்து வைக்கும்.

இனி புளோயரையே கொஞ்சம் பார்க்க வேண்டும். நீ வாங்கியது பழைய படகு. சத்தம் கேட்பதை வைத்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதே. வெளியேற்றும் சாளரத்தில் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடி, பறந்து தள்ளப்பட வேண்டும். ஒட்டிக்கொண்டால் புளோயர் எதிர்ப்பக்கம் ஊதுகிறது என்று அர்த்தம். யாரோ வயரை மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். நேர்க்குழாய் வகை அப்படிச் சுற்றினால் வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே ஊதும். உருளைச் சக்கர வகை திசை மாறாது, ஆனால் பலம் கெட்டு மெலிசாகத் தள்ளும், காகிதம் அசைவதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வயர் நிறத்தையும் நம்பாதே. பழைய படகுகளில் மஞ்சள்தான் புளோயரின் பாசிட்டிவ், பிறகு வந்த வழக்கத்தில் மஞ்சள் நெகட்டிவ் ஆகிவிட்டது, புளோயருக்கு மஞ்சள் கோடு போட்ட பழுப்பு. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே இணை.

அடுத்தது ஹோஸ். பெரும்பாலான குறை இங்கேதான். கம்பிச் சுருள் வைத்த அந்த வினைல் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே புளோயரிலிருந்து நுனிவரை போ. இரண்டு மூன்று இடங்களில் கம்பி வெளியே தெரியும், பிளாஸ்டிக் பட்டென்று உடையும். கிழிந்த இடத்தில் மேல் காற்றைத்தான் உறிஞ்சும், பில்ஜ் அப்படியே கிடக்கும். நுனி அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், ஆனால் வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே. தண்ணீரில் மூழ்கினால் மோட்டார் உறுமும், காற்று ஒரு துளி நகராது. நடுவில் தொங்கித் தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கினாலும் அதே கதி. கட்டுப்பட்டையை நல்ல இடத்தில் போட்டு, வளைவுகளைக் குறை.

புளோயரின் பெட்டியில் நிமிடத்துக்கு 200 கன அடிக்கு மேலான எண்ணைப் பார்த்து மயங்காதே. அது ஹோஸ் மாட்டாமல் அளந்தது. சட்டமே அறைக் கொள்ளளவில் 1.5 மடங்கு எண் போட்ட புளோயரை வாங்கச் சொல்லிவிட்டு, பொருத்திய பிறகு 0.6 மடங்கு வந்தால் போதும் என்கிறது. மூன்று அங்குலக் குழாய் இருக்கும் இடத்தில் நான்கு அங்குலம் போட முடிந்தால் போடு. மோட்டார் மேல் எஸ்.ஏ.இ. ஜே1171 என்று, அதாவது சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காது என்பதற்கான தரக்குறி, இருக்கிறதா பார். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எதை மாற்றினாலும் இதே விதி. கார் உதிரிபாகக் கடையில் அதே பாகம் பாதி விலைக்குக் கிடைக்கும், உருவத்தில் அப்படியே இருக்கும், பொறியை மட்டும் அடக்காது. எஞ்சின் அறையில் அதற்கு இடமே இல்லை.

கசிவைத் தேடும்போது எஞ்சினின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைப் பார். அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போகும். அது காலியாக இருக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் தெரிந்தால் பம்பின் சவ்வு (டயாஃபிரம்) கிழிந்துவிட்டது, பம்பை மாற்றும் வரை ஓட்டாதே. எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸ்களில் நெருப்பைத் தாங்கும் வகைக்கான ஏ1-15 என்ற குறி அச்சிட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படி. விரலால் அமுக்கினால் வெடிப்பு தெரிகிற ஹோஸ், துணியால் துடைத்து முகர்ந்தால் துணியில் வாசம் வரும் ஹோஸ், இரண்டையும் மாற்றிவிடு.

அடுத்த வாரம் படகுக்குப் போகும்போது எஞ்சின் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துகொள். புளோயரின் மேல் இருக்கும் எண்ணையும், ஹோஸின் நீளத்தையும், எத்தனை வளைவு என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பு. உனக்கு எந்த அளவு தேவை என்று கணக்குப் போட்டு உடனே பதில் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
பாலு