சர்வீஸுக்கு வருபவரிடம் அளவுகளைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜன்னல் இடுக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பத்தி பத்தியாக எழுதியவர், வீட்டைச் சூடாக்கும் கேஸ் அடுப்பான ஃபர்னஸை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதில் காற்றை வடிகட்டும் ஃபில்டரை மாற்றினால் போதுமாம், வருடாவருடம் ஆள் கூப்பிடுவது வீண்செலவாம். ஃபில்டர் விஷயம் சரி. மற்றதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் அப்படி நினைத்தவன்தான். அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒருவர் சர்வீஸுக்கு வருவார். கீழ்த்தளத்துக்கு இறங்குவார், வாக்யூம் ஓடும் சத்தம் கேட்கும், கால் மணி நேரத்தில் மேலே வந்து 'எல்லாம் ஓகே' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதற்கு எதற்குக் காசு என்று இரண்டு வருடம் கூப்பிடாமலே விட்டேன்.

மூன்றாவது குளிர்காலத்தில், நல்ல குளிரடித்த ஓர் இரவில் வினை வந்தது. ஃபர்னஸ் பற்றும், நாலைந்து நொடியில் அணையும். மறுபடி பற்றும், அணையும். சில தடவை முயன்றுவிட்டு ஒரேயடியாக நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்ன விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டர் என்னவோ புத்தம்புதுசு!

காலையில் வேறொரு மெக்கானிக் வந்தார். பென்சிலைவிட ஒல்லியான கம்பி ஒன்றைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அதன்மேல் மாவு பூசியது போல மெல்லிய வெள்ளைப் படலம். ஃபிளேம் சென்சார் என்றார். பர்னரில் தீ எரியும்போது இந்தக் கம்பி வழியாக மிக மிகச் சிறிய அளவில், சில மைக்ரோஆம்ப் மின்னோட்டம் பாயும். தீ இருக்கிறது என்று ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டு தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். படலம் படிந்தால் மின்னோட்டம் குறைந்துவிடும். எரியாத கேஸ் வெளியே வந்துவிடக் கூடாதே என்று போர்டு உடனே வால்வை மூடிவிடும். கம்பியை நைஸான ஸ்டீல் உல்லால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். தேய்க்கும் முன் அரை மைக்ரோஆம்ப்கூடக் காட்டாத மீட்டர், அப்புறம் மூன்றைத் தாண்டியது. ஒழுங்கான சர்வீஸில் இரண்டு நிமிட வேலை.

அதோடு அவர் கிளம்பவில்லை. பர்னருக்குப் போகும் கேஸின் அழுத்தத்தை மனோமீட்டர் வைத்துப் பார்த்தார். இயற்கை எரிவாயு என்றால் பெரும்பாலான ஃபர்னஸ்களில் 3.5 அங்குல நீர்மட்டம் (கேஸ் அழுத்தத்தைச் சொல்லும் அலகு) அளவில் இருக்க வேண்டும். திரும்பி வரும் காற்றின் வெப்பத்தையும் சூடாகிப் போகும் காற்றின் வெப்பத்தையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபர்னஸில் ஒட்டியிருந்த விவரத் தகட்டில் குறித்த அளவோடு ஒப்பிட்டார். வித்தியாசம் தகட்டில் உள்ளதைத் தாண்டினால், பெரும்பாலும் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிக் காய்ந்து, விரிந்து சுருங்கி, நாளடைவில் விரிசல் விடும். ஒரு பக்கம் எரிந்த புகை, மறுபக்கம் நாம் சுவாசிக்கும் காற்று, நடுவில் மெல்லிய உலோகத் தகடு. அவ்வளவுதான் அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே வாசனைப் பொருள் கலக்கிறார்கள். எரிவது சரியில்லாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். காய்ச்சல் இல்லாத ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. ஆனால் வாயு வீட்டுக்குள் வந்த பிறகுதான் அலாரம் கத்தும். புகைக்குழாயில் கருவியை நுழைத்துப் பார்ப்பவருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஃபில்டர் நம் வேலை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1 அங்குல ஃபில்டர் என்றால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். (ஒரு குளிர்காலம் முழுக்க நான் தலைகீழாக மாட்டியிருந்தேன், அதை விடுங்கள்.) புகைக்குழாய் சுவர் வழியாக வெளியே போகிற வீடுகளில் அதன் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்புதான். மைக்ரோஆம்பையும் அழுத்தத்தையும் புகையில் உள்ள வாயுவையும் அளக்கக் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

கட்டுரையாளரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. கால் மணி நேரம் வாக்யூம் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை. அதற்காகச் சர்வீஸையே நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான். வாரண்டிக் கோரிக்கை என்று போனால், வருடா வருடம் பராமரித்ததற்கு அத்தாட்சி கேட்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. வருபவரிடம் 'என்ன அளவு வந்தது?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 'ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல், புது ஃபர்னஸ்தான் போட வேண்டும்' என்று யாராவது சொன்னால் விரிசலைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக இருந்தால் அந்த நிமிடமே ஃபர்னஸை அணைக்க வேண்டியதுதான். ஆனால் இதைச் சொல்லியே விற்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொருவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

அன்று வந்த மெக்கானிக் குறித்த அளவுகளை ஒரு தாளில் எழுதி ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தேன். இப்போது அதில் மூன்று வருடத்து வரிகள் இருக்கின்றன. சென்சார் அளவு போன வருடம் கொஞ்சம் இறங்கியிருந்ததை அந்தத் தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இந்த வருடத்துக்கும் தேதி வாங்கியாகிவிட்டது. வருபவர் 'பேனா இல்லையே' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்