சித்தப்பா அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்

பான், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமுங்க. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லையா? மஞ்சள் வேகவைத்து முடிந்ததா?

தம்பிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு பார்க்கிற ஆராய்ச்சி வேலை, வாங்கித் தருவதாக ஒருவர் லட்சக்கணக்கில் கேட்கிறாராம். சித்தப்பா தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்துப் புரட்டப் போகிறார் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. போனில் சொன்னால் அவர் பாதியிலேயே வைத்துவிடுகிறார். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்க.

போஸ்ட்டாக் என்பது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை. இன்னுமா உங்க பொண்ணு படிக்கிறா என்று கேட்கிறவர்களிடமும் இதையே சொல்லுங்க. இங்கே மாநில ஊதிய விகிதத்தில் பொதுவாக இ-13 என்ற படியில் சம்பளம். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அதில் பிடித்தம் போகும். வேலை கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் காசு வாங்காது. விசாவுக்கு மட்டும் கட்டணம் உண்டு, அது அரசாங்கத்துக்குக் கட்டுவது. காலியிட அறிவிப்புகளைப் பல்கலைக்கழகங்களே வெளியிடுகின்றன. ஐரோப்பா முழுக்க உள்ளவற்றை யூராக்சஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் இது நிரந்தரம் இல்லைங்கப்பா. ஒப்பந்தம் இரண்டு, மூன்று வருஷம்தான். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இப்படித் தற்காலிகமாக வைத்திருக்கச் சட்டம் பொதுவாக 6 வருஷம்தான் விடுகிறது. அதற்குள் பேராசிரியர் பதவியோ கம்பெனி வேலையோ தேடிக்கொள்ளணும். இங்கே உள்ளவர்களே இதை எதிர்த்துப் போராடுகிறார்கள். தம்பி இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அப்புறம், அவனிடம் இருக்கிற சரக்கின் மதிப்பு அவனுக்கே தெரியவில்லை. இந்த ஊரைச் சுற்றி எல்லாம் சர்க்கரைக்கிழங்குக் (சுகர் பீட்) காடு. கரும்பு கிடையாது, சர்க்கரை அந்தக் கிழங்கிலிருந்துதான். அக்டோபர் வந்தால் காட்டோரம் கரை கட்டினாற்போல் குவித்திருப்பார்கள். நம் கோபிப் பக்கம் மஞ்சள் கிழங்கை அழுகவைக்கிற பித்தியம் என்ற பூஞ்சை மாதிரியான கிருமி இருக்கிறதே, அந்த வகைதான் இங்கே சர்க்கரைக்கிழங்கின் நாற்றையும் அழுகவைக்கிறது. தம்பியின் ஆராய்ச்சி முழுக்க அதைப் பற்றித்தானே! மழைத்தண்ணீர் தேங்கிய வயலில் இறங்கி அவன் எடுத்த மண் மாதிரிகளில் கண்டது இங்கே உள்ள ஆய்வுக்கூடங்களுக்குத் தேவைப்படும்.

ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். அந்த நோயில் வேலை செய்கிற ஐந்தாறு பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படிக்கட்டும். நான் இதைக் கண்டேன், உங்கள் இந்தக் கேள்விக்கு இது இப்படி உதவும் என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். கட்டுரைப் பட்டியலும், அவனைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரும் இருந்தால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

பேராசிரியரிடம் பணம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் வாங்கி 4 வருஷத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அதன் தலைமையகமே இந்த ஊரில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள் வரும். இரண்டுக்கும் ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியர் முதலில் சம்மதிக்கணும். அந்தச் சம்மதத்தை எந்த ஏஜெண்டும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

இன்று சாயங்காலமே சித்தப்பா வீட்டுக்குப் போய் வாங்க. பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பியை ஆராய்ச்சிச் சுருக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் எல்லாம் அடைப்பு, நான் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து முதல் மெயிலை எழுதிவிடுகிறோம்.

உங்கள் அன்பு மகள்