வாடினால் ஒரு குடம் ஊற்றிவிட்டால் ஆயிற்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் 'இலை தொங்கினால் உடனே ஒரு குடம் தண்ணீர். செடி சிரிக்கும்' என்று போட்டிருந்தீர்கள். செடி சிரிக்குமோ இல்லையோ, நர்சரிக்காரர் சிரிப்பார்.

உச்சி வெயிலில் செம்பருத்தி தொங்குவது, வேர் உறிஞ்சுவதற்கு முந்தி இலை ஈரத்தை விட்டுவிடுவதால். பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் தானே நிமிரும். விடிகாலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்போதும் மண்ணில் 2 அங்குலம் விரலை விட்டுப் பார்க்கணும். ஈரம் இருந்தும் வாடினால் வேரழுகலாக இருக்கலாம். அதற்குப் போய் ஒரு குடம் ஊற்றினால் செடியின் கதை முடிந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும்போது, மேகம் மூடிக் கிடந்தாலும் செடி காயும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

போன சித்திரையில் காய்ந்த தொட்டிக்கு டி.ஏ.பி. உரத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னீர்கள். வறண்ட வேரில் உரமும் உப்புத்தான், இலையோரம் கருகும். நம் போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு போதாதாக்கும்! அதற்கு முன்னால் தென்னை நார்க்கழிவைப் புகழ்ந்து ஒரு முழுப் பக்கம். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது சுருங்கித் தொட்டியோரம் இடைவெளி விடும் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளையில் வந்துவிடும், நாமும் நனைந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். தொட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை அமிழ்த்தி, எடுத்து வடியவிட வேண்டும்.

தரையில் நிற்கும் மரத்துக்குத் தண்டடியில் ஊற்றிப் பயனில்லை. இலைவிரிப்பின் ஓரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, ஒரு சாண் ஆழம் நனைய விட வேண்டும். தினம் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே படரும், நாலு நாள் ஊருக்குப் போனால் தாங்காது. கரிசல் வெடித்திருந்தால் முதலில் மேல்மண்ணைக் கொத்திவிடணும். இல்லையென்றால் தண்ணீர் வெடிப்போடு போய்விடும். மண்மேல் சருகு, வைக்கோல் பரப்பும் மூடாக்கு 3 அங்குலம், தண்டைவிட்டு நாலு விரல் தள்ளி. தண்ணீர் விடாமல் காயப்போட்ட எலுமிச்சை மரத்துக்கு ஒரேயடியாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும்.

அடுத்த இதழில், விடிகாலையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள் என்று ஒரே ஒரு வரி, கட்டம் கட்டிப் போட்டால் போதும். 'வறட்சியில் வாடிய ரோஜா' என்று போட்ட படத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. அது வறட்சியல்ல, இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பல்லடம்.