சி லைப்ரரி எழுதுவோருக்கு: பாயின்டரோடு விவரமும் தாருங்கள்

தரமணியிலிருந்து சிறுசேரி வரை ஓஎம்ஆர் அலுவலகங்களில் சி லைப்ரரி எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் இடைநிரலான ராப்பர் எழுதுபவர்கள் நாங்கள். ஃபங்ஷன் அறிவிப்புகள் உள்ள ஹெட்டர் ஃபைலில் ஃப்ளோட் பாயின்டர் (தசம எண்ணின் மெமரி முகவரி) என்று மட்டும் இருந்தால், அது ஒற்றை எண்ணின் முகவரியா, ஆயிரம் எண்கள் கொண்ட அரேயின் தொடக்கமா என்று தெரிவதில்லை. அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பியதுமே அதன் நீளம் தொலைந்துவிடுகிறது. பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்கும் மாட்யூலான சிடைப்ஸ், பாயின்டரில் எல்லை தாண்டிக் கேட்டாலும் தடுக்காது. பக்கத்து மெமரியில் கிடப்பதை எடுத்துக் கொடுக்கும். எனவே எண்ணிக்கையையும் கூடவே வாங்குங்கள். அது உறுப்புக் கணக்கா, பைட் கணக்கா என்றும் எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி, மெமரியை யார் விடுவிப்பது என்பது. ஸ்ட்ரிங் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப்பை (திருப்பித் தரும் மதிப்பின் வகை) சி_சார்_பி (ஸ்ட்ரிங் பாயின்டர்) என்று வைத்தால், சிடைப்ஸ் அதை பைட்ஸாக நகலெடுத்துக் கொடுத்துவிடும். மூல முகவரி எங்கள் கைக்கு வராது, விடுவிக்க வேண்டிய மெமரி என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் அது கசியும். அதனால் சி_வாய்ட்_பி (வகை சொல்லாத வெறும் முகவரி) என்று வாங்கி, ஸ்ட்ரிங்_அட் கொண்டு நகலெடுத்து, முகவரியை விடுவிக்கிறோம். ஆனால் நீங்கள் கொடுத்தது ஸ்டாட்டிக் பஃபர் (லைப்ரரியே நிரந்தரமாக வைத்திருக்கும் இடம்) என்றால், விடுவித்த கணமே கிராஷ் ஆகலாம். மாலக் மூலம் புதிதாக ஒதுக்கிய மெமரி என்றாலும், அதை விடுவிக்க எங்கள் பக்கத்து ஃப்ரீயை நம்ப முடியாது: விண்டோஸில் உங்கள் டிஎல்எல் (லைப்ரரி ஃபைல்) வேறு சி ரன்டைமோடு (மாலக், ஃப்ரீ அடங்கிய அடிப்படை லைப்ரரி) இணைந்திருந்தால் ஹீப் (மாலக் இடம் ஒதுக்கும் மெமரிப் பகுதி) கெட்டுவிடும். விடுவிக்கும் ஃபங்ஷனை லைப்ரரியிலேயே வைத்துத் தாருங்கள்; கேட்பது அவ்வளவுதான்.

நாங்கள் அனுப்பும் அரேயையோ கால்பேக்கையோ (நீங்கள் திரும்ப அழைக்க நாங்கள் தரும் ஃபங்ஷன்) அழைப்பு முடிந்த பின்னும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பைத்தான் பக்கம் அதைப் பிடித்து வைக்காவிட்டால் மெமரி விடுவிக்கப்பட்டுவிடும். பிறகு நீங்கள் தொடுவது செத்த முகவரி.

எங்கள் பக்கத்து வேலையும் உண்டு. ரெஸ்டைப் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் 8 பைட் முகவரி 4 பைட்டாக வெட்டுப்படும். முகவரி சிறியதாக அமைந்த கணினியில் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரிவதுதான் இதில் ஆபத்து. பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையில் தசம எண்களின் அரே இயல்பாக ஃப்ளோட்64 (8 பைட்). உங்கள் ஃபங்ஷன் கேட்பது ஃப்ளோட்32 (4 பைட்) என்றால் குப்பை எண்கள்தான் வரும். டிரான்ஸ்போஸ் செய்த (வரிசையும் நிரலும் மாற்றிய) அரேயை, மெமரியில் தொடர்ச்சியாக அடுக்கித் தரும் அஸ்கன்டிகுவஸ்அரே வழியாக அனுப்பாவிட்டால் வரிசையே மாறிப்போகும். இவற்றை ராப்பரில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பழைய ஹெட்டர் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்த முடியாதென்றால், பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் எத்தனை உறுப்பு, முகவரி எப்போது வரை செல்லுபடியாகும், எந்த ஃபங்ஷனால் விடுவிப்பது என்று ஒரு கமென்ட் போதும்.